காப்புச் சத்தம் இருக்கட்டும்

தம்பி,

இதை உனக்குத் தனியாக அனுப்பவில்லை. நம் குடும்பத்தார் எல்லோரும் இருக்கிற வாட்ஸ்அப் குழுவிலேயே போடுகிறேன். உன் கல்யாண நாளில் நான் எங்கே நிற்கலாம், எங்கே நிற்கக்கூடாது என்று எல்லோருமாகக் கூடிக் கதைத்தது அந்தக் குழுவில்தானே. நானும் அதற்குள் இருக்கிறேன் என்பது ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. ஒருவர் கேட்க, இன்னொருவர் பெருவிரலை உயர்த்திக் காட்ட, அடுத்தவர் ஒரு கும்பிடு போட, கதை முடிந்துவிட்டது. அங்கே முடித்த கதைக்கு அங்கேயே பதில் சொல்வதுதான் முறை. கடிதம் நீளமாக இருக்கும். அவசர வேலை உள்ளவர்கள் போகலாம், குறை நினைக்க மாட்டேன். நீ மட்டும் கடைசி வரி வரைக்கும் வாசிக்க வேண்டும், நடுவில் தாவக்கூடாது. மன்னிப்புக் கேட்கிற வரி ஒன்றும் இதில் கிடையாது. அதைத் தேடி மினக்கெடாதே.

போன ஞாயிறு நீ வேலை பார்க்கிற எர்லாங்கன் நகரத்திலிருந்து ஃபோன் எடுத்தாய். "சாப்பிட்டீங்களோ அம்மா?" என்றாய். சாப்பிட்டேன் என்றேன். முழங்கால் நோவு எப்படி என்றாய். பிறகு மறுபடியும் "சாப்பிட்டீங்களோ?" என்றாய். சின்ன வயதிலிருந்தே உன் பழக்கம் அது. பள்ளிக்கூடத்தில் ஏதாவது செய்துவிட்டு வந்தாலும் முதலில் என் வயிற்றைத்தான் விசாரிப்பாய். "என்ன விசயம், சொல்லு" என்றேன். "கோவிக்கக்கூடாது அம்மா. பெரியப்பா சொல்லுறார், நான் அவரின்ரை வீட்டிலையிருந்து வெளிக்கிட்டா நல்லதாம். பாலறுகும் அங்கையே வைக்கலாமாம். பெரியம்மா எல்லாம் பாப்பாவாம்" என்றாய். "அப்ப நான் எங்கை நிக்கிறது?" என்று கேட்டேன். "நீங்கள் நேரை மண்டபத்துக்கு வாங்கோவன். முன்வரிசையிலை உங்களுக்கு வடிவான கதிரை போட்டு வைப்பினம்" என்றாய். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்த வீடியோவாலையும் கொஞ்சம் கதை வந்திட்டுது அம்மா. பொம்பிளை வீட்டுக்காரர் ஒரு மாதிரி நினைப்பினம். ஒரு நாள்தானே, சமாளியுங்கோவன்" என்றாய். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். யோசித்துவிட்டேன், சொல்கிறேன்.

பாலறுகு என்றால் என்ன என்று உனக்கு யாராவது சொல்லித் தந்தார்களோ தெரியாது. கல்யாண நாள் காலையில் மாப்பிள்ளையைக் கிழக்குப் பார்த்து இருத்தி, பாலில் தோய்த்த அறுகம்புல்லைப் பெரியவர்கள் வந்து தலையில் வைத்து வாழ்த்துவார்கள். அதன்பிறகுதான் தலைக்குத் தோயவார்த்து, பட்டு உடுத்தி, தலைப்பாகை வைத்து வெளிக்கிடுத்துவது. மாப்பிள்ளை எந்த வாசலால் வெளியே இறங்குகிறாரோ அது அவருடைய வீடு. நீ இறங்க வேண்டிய வாசல் என் வாசல். அதைத்தான் பெரியப்பா வீட்டுக்கு மாற்றியிருக்கிறார்கள். காரணத்தை ஒருவரும் வாயைத் திறந்து சொல்லவில்லை, நானே சொல்கிறேன். உன் அப்பா செத்துப்போய்விட்டார், நான் சாகவில்லை. அதுதான் காரணம். புருஷன் இல்லாதவள் முன்னுக்கு வந்தால் முழுவியளம், முதல் முகம் பார்க்கிற சகுனம், சரியில்லையாம். உன்னைப் பெற்றபோது என் முகத்தைத்தானே முதலில் பார்த்தாய், உனக்கு அப்படி என்ன கேடு வந்துவிட்டது? நல்ல வேலை, நல்ல பெண், தலைமயிர் மட்டும் கொஞ்சம் கொட்டுகிறது. அதற்கு நான் பொறுப்பில்லை, அது அப்பா பக்கம்.

இனி அந்த வீடியோவுக்கு வருகிறேன். அதைச் சொல்வதற்கு முதல் என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எத்தனையோ வருடமாக நான் வேலைக்குப் போய் வருகிறேன், அங்கே என்ன செய்கிறேன் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. "அம்மா ஃபாப்ரிக்கிலை வேலை" என்று உன் சிநேகிதர்களுக்குச் சொல்வாய், அவ்வளவுதான். அது இசைத்தட்டு அச்சடிக்கிற தொழிற்சாலை. கறுப்புக் குறுணியை உருக்கி, களிக்கட்டி மாதிரி ஒரு கட்டியாக்கி, இரண்டு உலோக அச்சுக்கு நடுவில் வைத்து அமுக்குவார்கள். நீராவி சீறும். பிறகு தண்ணீர் ஓடி ஆறவைக்கும். ஓரத்தில் பிதுங்கியதை வெட்டி எடுத்தால் தட்டு. முதலில் நான் மெஷின் பக்கம்தான் நின்றேன். முழங்கால் ஏலாமல் போன பிறகு கேட்கிற அறைக்கு மாற்றிவிட்டார்கள். ஒவ்வொரு புதிய ஆல்பத்துக்கும் முதலில் கொஞ்சம் மாதிரித் தட்டு அடிப்பார்கள். நான் ஹெட்போனைப் போட்டுக்கொண்டு அதை முதலிலிருந்து கடைசி வரைக்கும் கேட்க வேண்டும். பாட்டைக் கேட்பதற்கு எனக்குச் சம்பளம் இல்லை, பாட்டில் இல்லாததைக் கேட்பதற்குத்தான் சம்பளம். எங்கே கீறல் கேட்கிறது, எங்கே இரைச்சல், எங்கே டிக் என்று ஒரு சத்தம், எல்லாவற்றையும் எழுதிக் கொடுப்பேன். ஒரு தட்டில் மட்டும் சத்தம் வந்தால் அது தூசி. எல்லாத் தட்டிலும் ஒரே இடத்தில் வந்தால் கோளாறு தட்டில் இல்லை, அச்சில். இதை மறந்துவிடாதே, பிறகு தேவைப்படும்.

இந்த வருடம் பனி விடுகிற நேரத்தில் ஒரு ஆல்பம் வந்தது. லாகோஸ் நகரத்துப் பாடகி ஒருத்தியுடையது, ஆஃப்ரோபீட்ஸ் என்கிற ஆப்பிரிக்க ஆட்டப்பாட்டு. என்னோடு வேலை செய்கிற ஃபுன்மியை உனக்குத் தெரியும், தட்டுகளை உறைக்குள் போடுகிற பகுதியில் இருக்கிறவள், உனக்கு ஒருமுறை மிளகாய் போட்ட சோறு தந்து அழவைத்தாளே, அவள்தான். பாடகி அவளுடைய ஊர்க்காரி. பெயரைக் கேட்டதும் ஃபுன்மி கையைத் தட்டிக்கொண்டு என் அறைக்கே வந்துவிட்டாள். முந்திய ஆல்பங்களில் பாட்டுக்குப் பாட்டு யாராவது பெரிய ஆம்பிளைப் பாடகரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் பாடினாளாம். இந்த முறை ஒருவருமில்லை, முழுக்க அவளே. நான் ஊசியை இறக்கினேன். மத்தளம் தொடங்குவதற்கு முதல், ஒரு மூச்சு விடுகிற நேரத்துக்குள், கிலுங் என்று ஒரு சத்தம். அடுத்த தட்டைப் போட்டேன், அதே இடத்தில் கிலுங். அதற்கடுத்ததிலும் கிலுங். அச்சில் கோளாறு என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். மெஷினை நிறுத்தினார்கள். எங்கள் பகுதித் தலைவி பாடகியின் ஆட்களுக்கு எழுதிக் கேட்டாள். பதில் வந்ததும் சிரித்துக்கொண்டு என்னிடம் வந்து வாசித்துக் காட்டினாள். அது அவளுடைய காப்புகளாம். பாடத் தொடங்க முதல் கையை உயர்த்தியிருக்கிறாள், மைக் பிடித்துவிட்டது. பாட்டைப் பதிந்தவர்களும் வெட்டிவிடலாம் என்றுதான் கேட்டார்களாம். அவள் சொன்னாளாம், "அது நான்தான். இருக்கட்டும்."

எனக்கு முகம் சுட்டது. வேலையில் பிழை விட்டதற்காக இல்லை, அந்த அறையில் எல்லோரும் பிழை விட்டிருக்கிறோம். காப்புச் சத்தத்தைக் கோளாறு என்று எழுதியது நான் என்பதற்காக. அப்பாவைத் தகனம் செய்த நாளில் நீ ஆம்பிளைகளோடு முன் மண்டபத்தில் நின்றாய். பின்னால் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. என் காப்பைக் கழற்ற வேண்டும் என்று பெரியம்மா என்னைக் கழிப்பறைக்குக் கூட்டிக்கொண்டு போனா. நீ பிறந்த வருடம் அப்பா போட்டுவிட்ட தங்கக் காப்பு, கை பருத்து இறுகிக் கிடந்தது. கழன்று வரவில்லை. சுவரில் பூட்டியிருந்த சவர்க்காரத்தை அமுக்கி அமுக்கிக் கையில் பூசினா. எலுமிச்சம்பழ வாசம். கைகழுவ வந்த ஒரு ஜேர்மன்காரப் பெண் என்னைப் பார்த்து, கை வீங்கிவிட்டதோ, டொக்டரைக் கூப்பிடவோ என்று கேட்டாள். பாவம், அவளுக்கு வேறு என்ன விளங்கும்? காப்பு வந்தது, தோலும் கொஞ்சம் வந்தது. "மருமகளுக்கு உதவும், பத்திரமா வை" என்று கடதாசியில் சுற்றித் தந்தா. எனக்கு அப்போது அழுகைதான் வந்தது, ஆத்திரம் வரவில்லை. ஆத்திரம் வர ஆறு வருடம் எடுத்திருக்கிறது. வந்தது நல்லதற்குத்தான்.

பாடகியின் பதில் வந்த அன்றைக்குப் பின்னேரம் அந்தத் தட்டை நான் வேலைக்காகக் கேட்கவில்லை. சும்மா கேட்டேன். ஆல்பம் வெளியானதும் கடையில் போய் ஒன்று வாங்கினேன், கேட்கிற மெஷினும் வாங்கினேன். நீ வந்தபோது பார்த்துவிட்டு, "ஏனம்மா உது? ஃபோனிலை எல்லாம் இருக்குதானே?" என்றாய். இருக்கிறதுதான். ஃபோனில் அவள் முகம் என் பெருவிரல் நகத்தளவு. பாதிப் பாட்டில் பெரியம்மா எடுப்பா, பாட்டு நின்றுவிடும். பிடிக்காவிட்டால் விரலால் தள்ளிவிட்டுப் போகலாம். தட்டில் அது ஏலாது. ஊசியை வைத்தால் அவள் சொல்லி முடிக்கும்வரை நீ இருந்து கேட்க வேண்டும். ஒரு பக்கம் முடிந்ததும் எழும்பிப் போய் உன் கையாலேயே மற்றப் பக்கத்தைத் திருப்ப வேண்டும். அந்த உறை இருக்கிறதே, இரண்டு கையாலும் தூக்கிப் பிடிக்க வேண்டும், அர்ச்சனைத் தட்டு மாதிரி. மஞ்சள் பிளாஸ்டிக் கதிரையில் அவள் காலை அகட்டி இருக்கிறாள், முழங்கை வரைக்கும் காப்பு. சிரிக்கவில்லை, முறைக்கவுமில்லை. வந்தாயா, இரு என்கிற மாதிரி ஒரு பார்வை. அவள் மொழி எனக்கு ஒரு சொல்லும் தெரியாது. முதல் பாட்டில் என்ன சொல்கிறாள் என்று ஃபுன்மியைக் கேட்டேன். "ஒரு பெரிய விஷயமும் இல்லை. வழி விடுங்கள் என்றுகூட அவள் கேட்கவில்லை. வந்துவிட்டேன் என்கிறாள், அவ்வளவுதான்" என்றாள். ஃபுன்மியின் மகள் கேட்கிற மெஷின் இல்லாமலே ஒரு தட்டு வாங்கிச் சுவரில் மாட்டியிருக்கிறாள். எனக்கு அது விசர் என்று தோன்றவில்லை.

அம்மாவுக்கு இந்த வயதில் புதுப்பழக்கம் என்று குழுவில் ஒருவர் எழுதியிருந்தார். புதுப்பழக்கமா? அகதி முகாமில் எங்களுக்கு ஒரே ஒரு அறை தந்திருந்த காலத்தில், வீதியில் ஜேர்மன்காரர் எறிகிற பழைய சாமான்களுக்குள் இருந்து உன் அப்பா ஒரு இசைத்தட்டு மெஷினைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். கட்டில் தேடிப் போன மனுஷன். "கட்டில் எங்கை?" என்றேன். "கட்டில் நாளைக்கும் எறிவாங்கள்" என்றார். தட்டு ஒன்றும் எங்களிடம் இல்லை. உனக்கு அப்போது தத்தித் தத்தி நடக்கிற வயது. சுற்றுகிற அந்த வட்டத்தில் உன் பிஸ்கட்டை வைத்துவிட்டு, அது சுற்றி வரும்போது எடுத்துக் கடித்துவிட்டு மறுபடி வைப்பாய். பிறகு பழைய சாமான் சந்தையில் அட்டைப்படம் வடிவாக இருக்கிறது என்று ஒரு தட்டு வாங்கினார். போட்டுப் பார்த்தால் ஊதுகுழலும் மேளமுமாக ஏதோ கார்னிவல் கூத்து. நாங்கள் அதற்குத்தான் ஆடினோம், தம்பி. கட்டிலில்லாத அறையில் ஆடுவதற்கு நல்ல இடம் இருந்தது. பக்கத்து அறையில் இருந்த உன் பெரியப்பா சுவரில் தட்டி, "என்னடா அங்கை சத்தம்?" என்று கத்தினார். உன் அப்பா சத்தத்தைக் கூட்டினார். ஆகவே நான் இன்றைக்கு ஆடத் தொடங்கியவள் இல்லை, சவர்க்காரம் பூசின நாளில் நிறுத்தினவள். இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது.

வீடியோவில் இருப்பது இதுதான். ஆல்பம் வெளியான சனிக்கிழமை நகரத்துத் தட்டுக் கடையில் கேட்டுப் பார்க்க வாருங்கள் என்று ஒரு சின்னக் கூட்டம் வைத்தார்கள். ஃபுன்மி என்னை இழுத்துக்கொண்டு போனாள். உன்னைவிட இளம் பிள்ளைகள்தான் கனக்க நின்றார்கள், காதில் வளையம் போட்ட பொடியன்கள், ஒரு குழந்தை வண்டி, பேரப்பிள்ளையோடு ஒரு ஜேர்மன்காரத் தாத்தா. அன்று காலை நான் அந்தக் கடதாசியைப் பிரித்திருந்தேன். காப்பு கையில் ஏறமாட்டேன் என்றது. குசினியில் பாத்திரம் கழுவுகிற சவர்க்காரத்தைப் பூசி ஏற்றினேன். பாட்டுத் தொடங்க முதல் கடைக்குள் கிலுங் என்று அந்தச் சத்தம் கேட்டது. இந்தக் கூட்டத்துக்குள் இந்தச் சத்தத்தை முதன்முதலில் கேட்டவள் நான்தான் என்று ஒரு பெருமை வந்தது பார், எழும்பிவிட்டேன். ஃபுன்மி கையைப் பிடித்தாள், ஆடினேன். முழங்கால் நொந்தது, ஆடினேன். தாத்தாவும் வந்து ஆடினார். ஃபுன்மியின் மகள் எடுத்துப் போட்டாள், என்னிடம் கேட்டுத்தான் போட்டாள், நான் ஓம் என்றேன். அது எப்படியோ சுற்றி நம் குழுவுக்கு வந்தது. சேலையோடு ஆடியிருக்கிறேன், அது ஒரு விரற்கடையும் விலகவில்லை. ஆனாலும் பெரியப்பா குரல் பதிவு அனுப்பியிருந்தார். முதலில் ஒரு பெருமூச்சு, பிறகு "தம்பி இருந்திருந்தால்..." என்று ஒரு இழுவை. அண்ணை, உங்கள் தம்பி இருந்திருந்தால் சத்தத்தைக் கூட்டியிருப்பார். உங்களுக்கே தெரியும், சுவரில் தட்டினது நீங்கள்தானே.

உன்னோடு கதைத்து முடித்த அடுத்த நாள் நான் சும்மா இருக்கவில்லை. யார்தான் இதைக் கேட்டது என்று தேடினேன், அது என் தொழில். முதலில் பெரியப்பாவுக்கு எடுத்தேன். "பிள்ளை, நான் எனக்காகவோ சொல்லுறன்? ஐயரே சொல்லிப்போட்டார்" என்றார். ஐயருக்கு எடுத்தேன். "ஐயோ அம்மா, நான் ஒண்டும் அப்பிடிச் சொல்லேல்லை. என்னட்டை ஒருத்தரும் கேக்கவுமில்லை. எனக்கு ஹோமப் புகைக்கு அந்த மண்டபத்து அலாரம் அடியாமல் இருந்தாக் காணும். போனமுறை தாலி கட்டுற நேரம் தீயணைப்பு வண்டி வந்து நிண்டது" என்றார். பெண் வீட்டார் ஒரு மாதிரி நினைப்பார்கள் என்று நீ சொன்னாயே, அதற்குச் சாருகாவுக்கே எடுத்தேன். நீ கட்டப்போகிற பெண் பொய் சொல்லமாட்டாள் என்று எனக்கு ஒரு நம்பிக்கை. "மாமி, எங்கடை வீட்டிலை ஒருத்தரும் அப்பிடிக் கேக்கேல்லை. நீங்கள் நிக்கமாட்டீங்கள் எண்டு எனக்கு இப்பதான் தெரியும்" என்றாள். பிறகு, "அம்மா உங்கடை வீடியோவைத் திருப்பித் திருப்பிப் பாத்தவ. அது என்ன பாட்டு எண்டு உங்களிட்டைக் கேக்கச் சொன்னவ" என்றாள். அப்படியென்றால் யார் கேட்டது? ஒருவரும் இல்லை. பெரியப்பா ஐயரைக் காட்டுகிறார், நீ பெண் வீட்டைக் காட்டுகிறாய், குழுவில் எல்லோரும் ஊர் உலகத்தைக் காட்டுகிறார்கள். எல்லா வீட்டிலும் ஒரே இடத்தில் ஒரே சத்தம். கோளாறு அச்சில் என்று எழுதிக் கொடுக்கிறேன், மெஷினை நிறுத்துங்கள். போன வருடம் உன் ஒன்றுவிட்ட அண்ணனின் கல்யாணத்தில் மாப்பிள்ளையைக் கைபிடித்துக் கொண்டுவந்தது யார்? மனைவியைப் பறிகொடுத்த மாமா. பட்டு வேட்டியும் சங்கிலியுமாக என்ன வடிவாக வந்தார். ஒருவரும் முழுவியளம் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை, அவர் வந்தது எனக்குச் சந்தோஷம். எனக்கு மட்டும் ஏன் பார்க்கிறீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

உன்னிடம் எனக்கு உள்ள கோபம் வேறு. பெரியப்பா அந்தக் காலத்து மனுஷர், அவருக்குப் பயம். உனக்கு என்ன? வேலை இடத்தில் மனேஜர் ஒருவர் செய்தது பிழை என்று முகத்துக்கு நேரே சொன்னேன் என்று என்னிடம் வந்து பெருமை அடித்தாய். ஜேர்மன் மொழியில் வருகிற தைரியம் தமிழில் எங்கே போகிறது? "ஒரு நாள்தானே" என்றாய். அந்த ஒரு நாளுக்காகத்தான் தம்பி இவ்வளவு நாளும். உனக்குக் காய்ச்சல் வந்த நாட்களில் ஒருவரும் வந்து, நீங்கள் தள்ளி நில்லுங்கோ, பெரியம்மா பார்ப்பா என்று சொல்லவில்லை. உன் வாந்தியைத் துடைக்க முழுவியளம் பார்த்தவர் ஒருவரும் இல்லை. உன்னைத் திட்டவில்லை. சரி, திட்டுகிறேன். நீ என் பிள்ளை, வேறு யாரை நான் திட்டுவது? ஆனால் நீ கெட்டவன் இல்லை என்று எனக்குத் தெரியும். உன் பழக்கம், பிரச்சினை வந்தால் விரலால் தள்ளிவிட்டு அடுத்ததுக்குப் போவாய். இதைத் தள்ள ஏலாது. நான் சொல்லி முடிக்கும் வரை இருந்து கேள்.

நீ என் வீட்டிலிருந்து வெளிக்கிடுவாய். மாடிக் கட்டடத்து வீடுதான், லிஃப்ட் பழுதுதான், தலைப்பாகையோடு படியால் இறங்குவாய், கீழ்வீட்டு ஜேர்மன் அம்மா வந்து பார்த்துக் கைதட்டுவா. பெரியப்பாவும் பெரியம்மாவும் வரவேண்டும், வந்து பக்கத்தில் நிற்க வேண்டும், அவர்கள் இல்லாமல் எனக்கும் நிறைவில்லை. ஆனால் முதல் பாலறுகு என் கை. நான் மாம்பழ நிறத்தில் சேலை எடுத்துவிட்டேன், நெற்றியில் பொட்டு வைப்பேன். மண்டபத்தில் எனக்கு வடிவான கதிரை முன்வரிசையில் வேண்டாம், மணவறைக்குப் பக்கத்தில் எந்தக் கதிரையும் போதும், பிளாஸ்டிக் என்றாலும் சரி. இதற்கு மாறாக ஏதும் சொல்ல வேண்டும் என்றால், பெரியப்பாவை வைத்துச் சொல்லாதே, ஐயரையும் பெண் வீட்டையும் காட்டாதே. இந்தக் குழுவில், எல்லோரும் பார்க்க, உன் பெயரில் நீயே எழுது. "அம்மா, நீங்கள் என்ரை தலையிலை கை வைக்கவேண்டாம்" என்று. எழுத முடிந்தால் எழுது. எழுதினால் எனக்கு நெஞ்சு வெடிக்கும், மறைக்கமாட்டேன். வெடித்த நெஞ்சோடு மாம்பழச் சேலையைக் கட்டிக்கொண்டு மண்டபத்துக்கு வருவேன். வராமல் இருக்கமாட்டேன், அதையும் எல்லோரும் தெரிந்துகொள்ளட்டும்.

காப்பு இப்போது என் கையில்தான் இருக்கிறது. சாருகாவுக்கு வேறு செய்து வைத்திருக்கிறேன், இது என்னுடையது. எழுதும்போதும் மேசையில் பட்டுக்கொண்டே இருக்கிறது. இப்போதெல்லாம் வீடியோக்காரர்கள் மாப்பிள்ளையின் சால்வையில் சின்ன மைக் ஒன்றைக் குத்திவிடுகிறார்கள், நீ மூச்சு விடுவதும் அதில் கேட்கும். நான் பாலில் அறுகைத் தோய்த்து உன் தலைக்கு மேலே கையைக் கொண்டு வருவேன், உன் காதடியில் கிலுங் என்று ஒரு சத்தம் வரும். கல்யாணம் முடிந்து, அதை வெட்டி ஒட்டுகிற நாளில், அந்தப் பொடியன் உனக்குத்தான் எடுப்பான். "அண்ணை, பாலறுகு வைக்கிற இடத்திலை ஒரு சத்தம் கேக்குது, எடுத்துவிடவோ?" என்று கேட்பான். என்னை அவன் கேட்கமாட்டான், நீதான் பதில் சொல்ல வேண்டும். அவனுக்குச் சொல்லு:

"அது என்ரை அம்மா. இருக்கட்டும்."